கால்மண் கழிக்கும் நாள்

மாசியில் வெள்ளைச்சோளம் அறுத்து முடிந்த மறுவாரத்திலிருந்து இன்னாசியம்மாளின் கால் பட்ட இடத்தில் களை முளைப்பது நின்றுபோனது. தும்பைக்குளத்தில் அதற்கு முன்னால் இப்படி ஒன்று நடந்ததில்லை. ஆனாலும் நடந்த பிறகு அதைக் கண்டு யாரும் வாய் பிளந்து நிற்கவில்லை. ஊர்க்கிணறு வற்றினால் அடுத்த கிணற்றுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, மழை பிந்தினால் விதைப்பையும் பிந்திப் போடுகிற மாதிரி, அந்த ஊர் இதையும் தன் வேலைகளுக்கு நடுவே ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டது.

நடந்தது இவ்வளவுதான். அறுப்பின் கடைசி நாளில் இன்னாசியம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. வீட்டுக்குப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் போகவில்லை, அறுத்துப் போட்ட தட்டைக்கட்டுகளின் நிழலில், வெறுங்காலை அறுத்த அடித்தாள் நிற்கிற மண்ணில் நீட்டியபடி, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பொழுது சாயும்வரை படுத்துக் கிடந்தாள். மத்தியானத்துக்கு மேல் யாரும் எதிர்பாராத ஒரு மழை, ஒரு பாட்டம் மட்டும் பெய்து நின்றது. எழுந்தபோது காய்ச்சல் இல்லை. உள்ளங்கால் வெடிப்புகளில் மட்டும் கடுகளவு கடுகளவாகப் பொன்னிறத் துளிகள் நின்றன. இளஞ்சோளத்தைப் பிடுங்கி வேரை வெயிலுக்கு நேரே பிடித்தால், முடி போன்ற நுனிகளில் எண்ணெய் மாதிரி ஒன்று மினுங்கும் அல்லவா, அதே துளி, அதே வாசம். துடைத்தாள், போனது. ஒரு எட்டு வைத்தாள், மறுபடி வந்தது.

சோளம் என்ன செய்யும் என்று தும்பைக்குளத்தில் களைக்கொத்தி பிடித்த எல்லோருக்கும் தெரியும். சோளம் நிற்கிற காட்டில் கோரை தலையெடுக்காது. சோளம் அறுத்த காட்டில், நல்ல மழை ஒன்று பெய்து மண்ணை அலசிப் போகும் முன்னால் எள்ளைத் தூவினால், எள் உறங்கிப்போகும். செடிகள் நமக்கு மேலே சும்மா நிற்பது போலத் தோன்றினாலும், மண்ணுக்கு அடியில் ஒன்றையொன்று வா என்றும் போ என்றும் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. சோளம் கொஞ்சம் கடுமையாகச் சொல்லும், அவ்வளவுதான். அந்தக் கடுமை எப்படி ஓர் அடக்கமான பொம்பளையின் காலுக்குள் இறங்கியது என்று சிலர் இரண்டு மூன்று நாள் பேசிப்பார்த்தார்கள். விவசாய ஆபீஸிலிருந்து வந்த ஒரு பிள்ளை அவளுடைய காலடி மண்ணைப் பாலிதீன் பையில் அள்ளி, பேர் எழுதி ஒட்டி எடுத்துக்கொண்டு போனது. மண்ணும் திரும்பி வரவில்லை, அந்தப் பிள்ளையும் திரும்பி வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன் போனில், டாக்டரிடம் காட்டும்மா என்றான். டாக்டர் பித்தவெடிப்புக்குக் களிம்பு கொடுத்தார். சாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து பார்த்து, காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

இன்னாசியம்மாளோடு களையெடுக்கப் போகிறவர்கள் அவளையும் சேர்த்து ஏழு பேர். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி அவளுடைய நாத்தனார் சவரியாயி, செத்துப்போன புருஷனின் கூடப்பிறந்தவள். வயதில் மூன்று வருஷம் இளையவள், வாயில் முப்பது வருஷம் மூத்தவள் என்று ஊரில் சொல்வார்கள். இந்த ஏழு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கரிசல் மண் ஈரத்தில் விடாது. ஒரு நிரை முடிப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஏறிவிடும். தினமும் அவரவர் காலை அவரவர் கழுவிக்கொள்வார்கள். ஆனால் களை முடிகிற நாள், கார்த்திகைக் கடைசிச் சனிக்கிழமை, கிணற்று மேட்டில் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி காலை மற்றவள் மடியில் தூக்கி வைத்து, களைக்கொத்தியின் மொண்ணைப் பக்கத்தால் அந்த வருஷத்து மண்ணைச் சுரண்டித் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். கால்மண் கழிக்கிறது என்று அதற்குப் பேர். அந்த நேரத்தில் வருஷம் முழுக்கச் சொன்ன கோள், போட்ட சண்டை எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட வேண்டும். ஏழாவது ஆள் மிச்சப்படுவாள் என்று மூத்தவள் பேச்சியம்மாள் எல்லோருக்கும் தண்ணீர் இறைத்துக் கொடுப்பாள், அவள் காலை எல்லோருமாகச் சேர்ந்து கழுவுவார்கள். இன்னாசியம்மாளுக்கு ஜோடி சவரியாயி. இருபத்தாறு வருஷமாக அதில் மாற்றம் இல்லை.

கால் விசேஷத்தை முதலில் கண்டுபிடித்ததும் சவரியாயிதான். சித்திரையில், குருசாமியின் கிணற்றுப் பாசனப் பருத்தியில் முதல் களை எடுத்த இருபதாம் நாள் இரண்டாம் களைக்குப் போனார்கள். ஆறு நிரைகளில் கோரையும் சாரணையும் பழையபடி கிளம்பி நின்றன. இன்னாசியம்மாள் எடுத்த நிரை மட்டும் பெருக்கி விட்ட முற்றம் போலக் கிடந்தது, அதில் பருத்திச் செடிகள் மட்டும் தலை நிமிர்ந்து நின்றன.

"ஏ மதினி, ஒன் நிரைக்கு மட்டும் யாரு வந்து மருந்தடிச்சிட்டுப் போறா?" என்றாள் சவரியாயி.

எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசியம்மாளும் சிரித்தாள். குருசாமி மட்டும் சிரிக்கவில்லை; அவர் அந்த நிரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று தடவை நடந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆடி பிறந்ததும் அவர் இன்னாசியம்மாளின் வாசலில் வந்து நின்று, தாயி, விதைப்புக்கு முன்னால் என் காட்டில் ஒரு நடை நடந்து கொடுத்துவிடு என்று கேட்டார். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள். தண்ணீர் கேட்டாலும், நெருப்பு கேட்டாலும், ஒரு கை உப்பு கேட்டாலும் கொடுத்துப் பழகியவள், கடவுள் என் கையில் வைக்காமல் காலில் வைத்துக் கொடுத்திருக்கிறார், அதைக் கால் இருக்கிறவரைக்கும் கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். உழுது போட்ட காட்டில், சால் சாலாக, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நடந்தாள். ஒரு சாலுக்கு ஒரு ஜெபமாலை சரியாக வந்தது. அருள்நிறை மரியே என்று ஓர் எட்டு, சர்வேசுரனுடைய மாதாவே என்று ஓர் எட்டு, அவள் பின்னால் பொட்டுப் பொட்டாக ஒரு பொன்னிறக் கோடு விழுந்து, வெயில் ஏறுவதற்குள் கரிசலுக்குள் இறங்கி மறைந்தது.

குருசாமிக்கு நடந்ததைப் பார்த்து அடுத்தவர் கேட்டார், அவருக்கு நடந்ததைப் பார்த்து அதற்கடுத்தவர். ஆவணிக்குள் தும்பைக்குளத்தில் முறை வைத்து நடக்கும்படி ஆகிவிட்டது. டீக்கடைச் சுவரில் கரிக்கட்டையால் எந்தக் கிழமை யார் காடு என்று எழுதிப் போட்டார்கள். எத்தனை ஏக்கர் என்று கேட்டால் எத்தனை ஜெபமாலை என்று பதில் சொல்லும் வழக்கம் வந்தது, கிறிஸ்தவ வேதக்காரர் அல்லாதவர்களும் அப்படியே சொன்னார்கள். பூச்செடி வைத்திருந்த பெண்கள் அவள் தெருவில் வரும்போது மரியாதையாகவே, அக்கா, இந்தப் பக்கமாக நடங்க என்று கைகாட்டினார்கள். கோயிலில் அவள் முழந்தாளிடுகிற இடத்தில் ஒரு சாக்கை விரித்து வைத்தார்கள், சாமியாரின் குரோட்டன்ஸ் தொட்டிகள் பக்கத்தில் இருந்ததால். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தில் நடக்கச் சொன்னார்கள், நடந்தாள், அந்த வருஷம் ஒரு கல்லறையிலும் புல் இல்லை. புருஷனின் தலைமாட்டில் தானே நட்டிருந்த துளசியும் இல்லாமல் போனதைப் பார்த்து அவள் அந்த வெறும் மண்ணைக் கையால் தடவினாள், பிறகு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுத் திரும்பினாள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் குட்டி யானை வண்டியில் இரண்டு டிரம் ஏற்றிக்கொண்டு வந்து, வர முடியாவிட்டால் கால் கழுவிய தண்ணீரையாவது கொடுங்கள் என்றார். அதையும் கொடுத்தாள். சாமியார் இதை ஆசீர்வதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பூசைக்கு நடுவே அந்தச் சாக்கை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்து நடந்து அவள் கால் மெலிந்தது. வெடிப்புகள் ஆழமாயின. அதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் அவள் கால் போன இடத்தைப் பார்த்தார்களே தவிர, காலைப் பார்க்கவில்லை.

புரட்டாசி விதைப்பு முடிந்தது. பருத்தி போட்டவர்களுக்குப் பருத்தி வந்தது, மக்காச்சோளம் போட்டவர்களுக்கு மக்காச்சோளம் வந்தது. பெரிய விதை, ஆழத்தில் விழுந்த விதை, சோளத்தின் கடுமையைத் தாண்டி எழும்பி வந்துவிட்டது. களை மட்டும் வரவில்லை. ஐப்பசியில் மழை இறங்கி, வழக்கமாகக் களைக்கு ஆள் தேடி வீடு வீடாக அலைகிற நேரத்தில், ஒருவரும் யாரையும் தேடவில்லை. ஏழு பேரில் ஆறு பேர் அதிகாலையில் களைக்கொத்தியும் தூக்குச்சட்டியுமாக வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள், பொழுது ஏறுகிறவரை நின்றார்கள், பிறகு தூக்குச்சட்டியை அங்கேயே திறந்து தின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். ஏழாவது ஆள் காடுகாடாக நடந்துகொண்டிருந்தாள், அவள் அதைப் பார்க்கவில்லை.

கூலி மட்டும் என்றால்கூட வேறு வேலை பார்த்துச் சமாளித்திருப்பார்கள். களை என்பது காட்டுக்காரனுக்குத்தான் களை. களையெடுக்கிறவளுக்கு அதில் பாதி குழம்பு. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் களையோடு களையாக முளைத்து, மடி நிறைய வீட்டுக்கு வரும். அந்த இரண்டு மாதமும் தும்பைக்குளத்துக் கூலிவீடுகளில் கீரை மணக்காத நாள் கிடையாது. மிச்சப் புல் ஆட்டுக்கு. பால்குடிப் பிள்ளைக்காரிகளுக்கு என்று தனியாகச் சாரணை பறித்துக் கொடுப்பார்கள். இந்த வருஷம் கீரையும் இல்லை, புல்லும் இல்லை, வரப்பில் நாலு வார்த்தை பேசிச் சிரிக்க ஓர் இடமும் இல்லை. சவரியாயி மூன்று ஆடுகளில் இரண்டை விற்றாள். பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிப் போக ஆரம்பித்தாள்.

சவரியாயி சண்டைக்கு வரவில்லை. அதுதான் இன்னாசியம்மாளுக்கு முதலில் உறைத்தது. வாய் முப்பது வருஷம் மூத்த சவரியாயி, தெருவில் எதிரே வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் முழந்தாளிடாமல் தூண் பக்கம் போய்விட்டாள். குழம்புக்கிண்ணம் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போய்வருவது நின்றது. இன்னாசியம்மாள் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கப் பயந்து, நல்லது ஏதாவது செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

அந்த நல்லதைத்தான் அவள் முன்னமே செய்து வைத்திருந்தாள், அதைச் சவரியாயிக்குச் சொல்லவும் இல்லை. களை வேலை இந்த வருஷம் இருக்காது என்று ஆவணியிலேயே மோப்பம் பிடித்துவிட்ட சவரியாயி, கோயில் நிலத்தில் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, மகனும் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துச் சோற்றுக்கு ஆகட்டும் என்று குதிரைவாலி விதைக்க உழுது போட்டிருந்தாள். ஊரெல்லாம் நடந்து கொடுத்துவிட்டு என் சொந்த நாத்தனார் காட்டுக்கு நடக்காமல் இருப்பேனா, அவள் கேட்க மாட்டாள், ரோஷக்காரி, நானாக நடந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று இன்னாசியம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் போய், அந்த அரை ஏக்கரில் ஒரு சால் விடாமல், மற்றவர்களுக்கு நடந்ததைவிட மெதுவாக, மற்றவர்களுக்குச் சொன்னதைவிட அதிக ஜெபம் சொல்லி, ஒவ்வோர் எட்டையும் அழுத்தி வைத்து நடந்தாள். அன்றைக்கு அவள் கால் அதிகமாகவே சுரந்தது. அன்பினால் நடந்த நடை அது.

குதிரைவாலி விதை கடுகளவுதான் இருக்கும். மேலாக்கத் தூவி முள்ளுக்கொப்பை இழுத்து மூடுகிற விதை.

ஐப்பசி மழைக்கு ஊரே பச்சையாக எழும்பியபோது அந்த அரை ஏக்கர் மட்டும் எழுதாத சிலேட்டு மாதிரி கிடந்தது. சவரியாயி பத்து நாள் பார்த்தாள், பதினைந்து நாள் பார்த்தாள். விரலால் மண்ணைக் கிளறி விதையை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். விதை உயிரோடுதான் இருந்தது, யாரோ போட்ட அதட்டலுக்குப் பயந்து ஒடுங்கிக் கிடக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. அப்படிக் கிளறும்போதுதான் மண்ணுக்குள் அந்த வாசத்தைக் கண்டாள்.

அன்றைக்குத்தான் அவள் இன்னாசியம்மாளின் வீட்டுப் படி ஏறினாள். உட்காரவில்லை. கையிலிருந்த ஒரு பிடி மண்ணை முற்றத்தில் வைத்தாள்.

"நீதான் நடந்தியா?"

"ஆமா சவரி. ஒனக்குக் களை வரக்கூடாதுன்னுதான்."

சவரியாயி கையில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையில் துடைத்தாள். பிறகு சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்:

"மதினி, நீ நல்லவ. ஆனா நீ நடந்த எடத்துல எங்களுக்கு ஒண்ணும் முளைக்க மாட்டேங்கு."

போய்விட்டாள். அந்தப் பிடி மண் முற்றத்தில் கிடந்தது. இன்னாசியம்மாள் அதைக் கையால் தொடாமல் அதன் முன்னால் உட்கார்ந்து, தான் நடந்த காடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள், அந்தக் காடுகளில் இந்நேரம் குனிந்திருக்க வேண்டிய ஆறு முதுகுகளையும் நினைத்துப் பார்த்தாள். முறை வைத்து எழுதிப்போட்ட டீக்கடைச் சுவரில் அந்த ஆறு பேரின் பேர் எங்கும் இல்லாதது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அவள் கட்டிலை விட்டு மண்ணில் இறங்கவில்லை. சமைப்பதற்கும் ஒதுங்குவதற்கும் சாக்கை விரித்து அதன் மேலேயே நடந்தாள். பனங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து கூப்பிட்டார், முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை அவள் வாயில் புதிதாக இருந்தது, சொல்லும்போது நாக்கு தடுக்கியது. செருப்புப் போட்டுப் பார்த்தாள், துளி தோலில் ஊறிக் கீழே இறங்கியது. சுண்ணாம்பு தடவினாள், மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பினாள். சாயங்கால மணி அடிக்கிறபோது கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஆண்டவரே, நீர் கொடுத்ததை எடுத்துக்கொள்ளும் என்று முதலில் கேட்டாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி இருந்ததால் பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டு, என்னை அவர்களோடு வையும் என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் அதையே கேட்டாள்.

கார்த்திகைக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. களையே எடுக்காத வருஷத்தில் கால்மண் கழிக்க யாரும் கிணற்று மேட்டுக்கு வரவில்லை. இன்னாசியம்மாள் மத்தியானக் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரும் தன் களைக்கொத்தியும் எடுத்துக்கொண்டு, மண்ணில் கால் வைக்காமல் தார் ரோட்டின் நடுவிலேயே நடந்து, கோயில் நிலம் வரைக்கும் போனாள். ரோட்டோரத்து எல்லைக்கல்லில் ஏறி உட்கார்ந்து, காலைத் தூக்கிக் கல்லின் மேலேயே மடக்கிக்கொண்டாள். எதிரே அந்த அரை ஏக்கர் கறுப்பாகக் கிடந்தது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

சவரியாயி மிச்சமிருந்த ஒரே ஆட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவள், கல்லின் மேல் ஆளைக் கண்டு நின்றாள். திரும்பிப் போக நினைத்தாள் போல, ஆடுதான் இழுத்தது.

"எதுக்கு இங்க வந்து ஒக்காந்திருக்க?"

"இன்னைக்குக் கடைசிச் சனி."

"களையே எடுக்கல. எந்தக் கால்மண்ணக் கழிக்க?"

"களை எடுக்காத காலுலதான் இந்த வருசம் மண்ணு ஜாஸ்தி சவரி."

சவரியாயி ஆட்டை ஒரு வேலிக்கம்பில் கட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இருபத்தாறு வருஷமாகச் செய்த வேலை என்பதால் மனசு முடிவு செய்வதற்கு முன்னால் கை முடிவு செய்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கல்லுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மதினியின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். களைக்கொத்தியை எடுத்து மொண்ணைப் பக்கத்தால் சுரண்டப்போனவள், அப்படியே நிறுத்தினாள்.

அந்தக் காலை அவள் இப்போதுதான் பார்த்தாள். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் கோடைக் கரிசல் மாதிரி வெடித்துப் பிளந்து கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பின் ஆழத்திலிருந்தும் ஒரு துளி, தீ பட்ட இடத்தில் நீர் கோக்கிற மாதிரி, மெல்ல மேலே வந்து நின்றது.

"மதினி, இது வலிக்குதா?"

மாசியிலிருந்து கார்த்திகை வரைக்கும் தும்பைக்குளத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. காட்டுக்காரர்கள் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, பெற்ற பிள்ளைகள் கேட்கவில்லை. இன்னாசியம்மாள்கூடத் தன்னை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அவள் தலையை அசைத்தாள். பிறகு சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி, "வலிக்குது" என்றாள்.

சவரியாயி களைக்கொத்தியைக் கீழே போட்டாள். உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீர் அள்ளி ஊற்றி, வெடிப்பு வெடிப்பாக விரலாலேயே மண்ணைக் கழித்தாள். ஆட்டை விற்றதைச் சொன்னாள். வேப்பமரத்தடியில் நின்ற காலைகளைச் சொன்னாள். பேரப்பிள்ளை கீரை கேட்டு அழுததைச் சொன்னாள். நல்லவளாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டாயா, பக்கத்தில் இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டாமா என்று சொன்னாள். கழிக்கிற நாளில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். இன்னாசியம்மாள் ஒவ்வொன்றுக்கும் ஆமா என்றாள். கழுவிய தண்ணீர் சோளத்தட்டையை ஊறப்போட்ட நிறத்தில் கல்லைச் சுற்றி ஓடி, அந்த அரை ஏக்கருக்குள் இறங்கியது.

ரோட்டில் போன யாரோ ஊருக்குள் சொல்லியிருக்க வேண்டும். மற்ற நாலு பேரும் ஒவ்வொருத்தியாக, கையில் குடத்தோடு வந்து சேர்ந்தார்கள். பேச்சியம்மாள் வரவில்லை, தீப்பெட்டி ஆபீஸ் வேன் திரும்ப நேரமாகும்; நேரத்தோடு திரும்பியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன் என்று அவளே பிறகு சொன்னாள். வந்த நாலு பேரும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார்கள். இடது காலை ஒருத்தி எடுத்துக்கொண்டாள். குதிகாலை ஒருத்தி, விரல்களை ஒருத்தி. மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றினார்கள். கழுவின ஐந்து பேரின் கையிலும் அந்தத் துளி பட்டது, அதே கையால் அவர்கள் தங்கள் காலையும் கழுவிக்கொண்டார்கள். அப்போது மழையும் பெய்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பூசைக்குப் போகும்போது ஆறு பேரும் தங்கள் உள்ளங்காலைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தி வெடிப்பிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மினுக்கம் இருந்தது. இன்னாசியம்மாளின் காலிலும் அவ்வளவுதான் இருந்தது. சவரியாயி தன் காலை முகர்ந்து பார்த்துவிட்டு, "சோறு வடிச்ச பானை மாதிரி இருக்கு" என்றாள். அவ்வளவு பேசிக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். சாக்கைச் சவரியாயி காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மதினிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

அந்த அரை ஏக்கரில் குதிரைவாலிக்குப் பருவம் போய்விட்டது. போனது போனதுதான், அந்த வருஷம் சவரியாயி வீட்டில் ரேஷன் அரிசி மட்டும்தான், விற்ற ஆடுகளும் திரும்பி வரவில்லை. ஆனால் இரண்டு மழை மண்ணை அலசிய பிறகு, சும்மா கிடப்பதற்கு இதாவது கிடக்கட்டும் என்று ஒரு பை கொத்தமல்லி விதையை உடைத்துத் தூவினாள். அது வந்த வரத்தைத் தும்பைக்குளம் பார்த்ததில்லை. முழங்காலுக்கு மேல் நின்று, வெள்ளையாகப் பூத்து, ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள்கூட அந்த வாசம் ஏறியது. அதிகமாக இருந்தபோது விதையை ஒடுக்கின அதே துளிதான், ஆறாகப் பிரிந்து மழையில் கரைந்தபோது அதைத் தூக்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஆடியில் குருசாமி வந்து இன்னாசியம்மாளைக் கூப்பிட்டார். அவள், நாங்கள் ஆறு பேர் என்றாள். அவர் யோசித்தார், பிறகு சரி என்றார், வேறு வழியில்லை. ஆறு பேரும் வரிசையாக, ஆளுக்கு ஒரு சாலில், ஜெபமாலை சொல்கிறவர்கள் ஜெபமாலை சொல்ல, மற்றவர்கள் ஊர்ப்பேச்சுப் பேச, காட்டைக் கடந்தார்கள். ஐப்பசியில் கோரை வரவில்லை. அருகம்புல் வரவில்லை. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மடிக்கு ஆகிற அளவுக்கு, இரண்டு களைக்குப் பதில் ஒரு களைக்கு ஆகிற அளவுக்கு வந்தன.

முன்ன மாதிரி சுத்தமாக இல்லையே தாயி என்று குருசாமி வரப்பில் நின்று குறைப்பட்டுக்கொண்டார். இன்னாசியம்மாள் பதில் சொல்வதற்கு வாயெடுத்தாள், சவரியாயி முந்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு மட்டும் முளைச்சாப் போதுமா?"

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் கார்த்திகைக் கடைசிச் சனிக்கிழமை கிணற்று மேட்டில் நல்ல வெயில் இருந்தது. ஆறு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வாரத்தில் ஒருநாள் லீவு என்று பேச்சியம்மாளும் வந்து, பழையபடி தண்ணீர் இறைத்து ஊற்றினாள், தன் காலை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், யாரும் வற்புறுத்தவில்லை. சவரியாயி மதினியின் காலை மடியில் தூக்கி வைத்து, கட்டிபட்டிருந்த கரிசலைக் களைக்கொத்தியின் மொண்ணைப் பக்கத்தால் வழித்துக்கொண்டே வந்தவள், குதிகாலுக்கு வந்ததும் கையை நிறுத்தினாள். மூடி வந்துகொண்டிருந்த ஒரு வெடிப்பில், அப்பியிருந்த மண்ணுக்குள், பண்ணைக்கீரை விதை ஒன்று சிக்கி, நூல் மாதிரி வெள்ளை வேரும் இரண்டு சின்ன இலையுமாக நின்றது.

"மதினி, அசையாத. ஒன் கால்ல முளைச்சிருக்கு."

இன்னாசியம்மாள் குனிந்து பார்க்க முயன்றாள், தெரியவில்லை. சவரியாயி அந்தத் துளிர் உடையாமல், களைக்கொத்தியின் கூர்ப்பக்கத்தை முதல் தடவையாகத் திருப்பி, மண்ணோடு சேர்த்து மெல்லக் கிளப்பி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மதினியிடம் காட்டினாள். பிறகு எழுந்து போய் வாய்க்கால் ஓரத்தில் ஈரமான இடமாகப் பார்த்து ஒரு குழி கிள்ளி அதை நட்டுவிட்டு, திரும்பி வந்து, இன்னும் கழுவாமல் இருந்த மற்றக் காலைக் கேட்டுக் கையை நீட்டினாள்.